யார் அழைத்த சர்வர்?

முகப்பேரில் ஒருவர் கைப்பேசியில் ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால், அந்தத் தளத்தின் சர்வர் மட்டும் பதில் சொல்வதில்லை. எழுத்துரு ஓரிடத்திலிருந்தும், விளம்பரம் வேறிடத்திலிருந்தும், வருகையை எண்ணும் நிரல் இன்னோரிடத்திலிருந்தும் வந்து சேரலாம். கண்ணுக்குத் தெரிவது ஒரே முகவரிதான். இந்தப் பழக்கத்தின் வேரைத் தேடிப் போனால் 1993 பிப்ரவரிக்குப் போய்ச் சேர்கிறோம். மொசைக் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், பக்கத்துக்குள்ளேயே படம் காட்ட ஒரு குறிச்சொல்லை முன்மொழிந்தார். படத்தின் முகவரி எந்தச் சர்வரைச் சுட்டினாலும் உலாவி தானே போய் எடுத்து வரும். இணைப்பைச் சொடுக்குகிறவருக்குத் தாம் வேறிடம் போவது தெரியும். படத்துக்குச் சொடுக்கே தேவையில்லை. இன்னொரு சர்வரை அழைக்கும் உரிமை அன்றே பக்கத்தை அமைத்தவர் கைக்குப் போய்விட்டது. வாசகரைக் கேட்க அதில் இடமே வைக்கப்படவில்லை.

மறுவருடம் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தில் லூ மாண்டுலி, வாசகரை மீண்டும் அடையாளம் காண ஒரு சர்வர் அவர் உலாவியிலேயே விட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கியை உருவாக்கினார். படமும் குக்கியும் சேர்ந்ததும், பல தளங்களில் படம் வைத்திருக்கும் ஒரு விளம்பர நிறுவனம் ஒரே வாசகரைத் தளத்துக்குத் தளம் அடையாளம் காண முடிந்தது. இந்த ஆபத்து அப்போதே தெரிந்திருந்தது. 1997இல் வந்த ஆர்எஃப்சி 2109, மாண்டுலியும் சேர்ந்து எழுதிய தரநிலை ஆவணம், வாசகரே மாற்றினாலொழிய இத்தகைய குக்கிகளை உலாவி ஏற்கக் கூடாது என்றது. முன்னணி உலாவிகள் அதைப் பின்பற்றவில்லை. எனவே இதை யாரும் எதிர்பாராத விளைவு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

தளத்தை நடத்துகிறவரே அறியாமல் அந்நிய நிரல் நுழைவதில்லையா என்று கேட்கலாம். நுழைந்திருக்கிறது. 2015 ஜூனில் பெங்களூரு நிரலாளர் தேஜேஷ், ஏர்டெல் 3ஜி வழியே தம் சொந்தத் தளத்தைத் திறந்தபோது, தாம் எழுதாத ஒரு நிரல் அதில் செருகப்பட்டிருப்பதைக் கண்டு வெளியிட்டார். அது இஸ்ரேலின் ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்துடையது. வாடிக்கையாளர் தம் டேட்டா பயன்பாட்டை அறிய உதவும் ஏற்பாடு என்றது ஏர்டெல்; அம்பலப்படுத்தியவருக்கோ ஃப்ளாஷ் நெட்வொர்க்ஸ் தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிக்கை வந்தது. மறையாக்கம் இல்லாத பக்கங்களில்தான் இடையில் இருப்பவர் இப்படிக் கைவைக்க முடியும். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்தோடு வருவதால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. மிச்சமிருக்கும் அந்நிய சர்வர்களில் பெரும்பாலானவை தளத்தாரே அழைத்தவை, அல்லது அவர் அழைத்தவை மேலும் அழைத்து வந்தவை.

வேகத்துக்காகத்தானே என்பது வலுவான மறுப்பு. தளத்தின் கோப்புகளை வாசகருக்கு அருகிலேயே பிரதியெடுத்து வைக்கும் தொழிலை 1998இல் தொடங்கிய அகமாய் போன்ற நிறுவனங்கள் வளர்த்தன. முகப்பேரை அடுத்த அம்பத்தூரில் இன்று தரவு மையங்கள் இயங்குகின்றன. தொலைதூரத் தளத்தின் கோப்பு பக்கத்து ஊரிலிருந்தே வருவது நல்லதுதான். ஆனால் என் கோப்பின் பிரதியை ஒப்பந்தப்படி ஒருவர் விநியோகிப்பது வேறு, அவர் நினைத்தபோது மாற்றக்கூடிய நிரலை என் பக்கத்தில் ஓடவிடுவது வேறு. பொதுவான நிரல் ஒரு தளத்தில் இறங்கிவிட்டால் அடுத்த தளத்துக்கும் உதவும் என்ற பழைய வாதமும் 2020இல் குரோம் ஒவ்வொரு தளத்துக்கும் சேமிப்பைத் தனித்தனியாகப் பிரித்தபோது போய்விட்டது. அழைத்த நிரல் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பழைய உலாவிகளுக்கு உதவ உருவான பாலிஃபில் சேவையின் முகவரியை 2024 பிப்ரவரியில் வேறொரு நிறுவனம் வாங்கியது. சில மாதங்களில் அது கைப்பேசி வாசகர்களைச் சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பத் தொடங்கியது. அதை அழைத்து வைத்திருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

விளம்பர வருவாய் இல்லாமல் சிறிய தமிழ்த் தளங்கள் தாக்குப்பிடிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்துருவுக்கு அந்தக் காரணம் பொருந்தாது. கூகுளின் எழுத்துருவை அதன் சர்வரிலிருந்தே அழைத்து வாசகரின் ஐபி முகவரியை அதற்குத் தந்ததற்காக, 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒரு தளத்தாரை 100 யூரோ இழப்பீடு தரச் சொன்னது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. ஒரு பள்ளியோ நகராட்சியோ அந்தக் கோப்பைத் தன் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். அனுமதியும் வேண்டாம், கட்டணமும் இல்லை.