தூர் வாரிய கிணறும் துலங்கிய முஹல்லாவும்

கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் விரைவு வண்டி, நாட்டின் நீளத்தைக் கடந்து சென்று ஓய்வு கொள்ளும் நிலையத்தின் பெயர் ஹஜ்ரத் நிஜாமுத்தீன். வள்ளுவரின் நூற்பெயரைத் தாங்கிய வண்டி, ஓர் இறைநேசரின் பெயரைத் தாங்கிய நிலையத்தில் சென்று நிற்பதை எண்ணி நான் பலமுறை மகிழ்ந்ததுண்டு. ஆயினும், அவ்வண்டியில் ஏறும் வாய்ப்பு அண்மையில்தான் கிட்டியது. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரை ஜாமிஆ மில்லிய்யா பல்கலைக்கழகத்தில் சேர்க்கும் பொருட்டுத் தில்லி சென்றேன். வந்த அலுவல் முடிந்து ஒரு முழுநாள் மிஞ்சியது. அந்த நாளை நிஜாமுத்தீன் பஸ்தியில் கழிப்பதென்று முடிவு செய்தேன்.

நிலையத்திலிருந்து மேற்கே சென்று மதுரா சாலையைக் கடந்தால் பஸ்தி தொடங்குகிறது. அந்நாளில் கியாஸ்பூர் என்று வழங்கிய சிற்றூர் இது. பதாயூனில் 1238ஆம் ஆண்டளவில் பிறந்து, அஜோதனில் பாபா ஃபரீத் (ரஹ்) அவர்களிடம் ஞானப் பயிற்சி பெற்ற ஹஜ்ரத் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்கள் இங்கே தங்கி, வந்தோர்க்கெல்லாம் உணவளித்து, தாம் நோன்பிலும் எளிமையிலும் வாழ்ந்து, 1325இல் மறைந்தார்கள். அவர்களுடைய அன்புச் சீடரும் பெருங்கவிஞருமான அமீர் குஸ்ரூ அதே ஆண்டில் தம் ஆசானைப் பின்தொடர்ந்தார். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகமும் இந்த வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார். சற்றுத் தள்ளி, 1869இல் மறைந்த மிர்ஸா காலிபின் அடக்கத்தலம் இருக்கிறது.

ரோஜா இதழ்களும் ஊதுபத்தி மணமும் நிறைந்த குறுகிய சந்துகளைக் கடந்து உள்ளே சென்றேன். ஸலாம் உரைத்து, ஃபாத்திஹா ஓதி, துஆச் செய்துவிட்டு வெளியே வந்தேன். வெளியூரிலிருந்து வருவோரில் பெரும்பாலோர் இத்துடன் திரும்பிவிடுவர். நானும் அவ்வாறே திரும்பியிருப்பேன். என்னை நிறுத்தியது ஒரு கிணறு.

தர்காவின் வட பக்கத்தில் இருக்கிறது அந்த பாவ்லி. நம் வழக்கில் சொன்னால் படிக்கிணறு. கற்படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி நீருக்குள் மறைகின்றன. சுற்றிலும் உயர்ந்த சுவர்கள். அவற்றுக்கு மேலே நெருக்கமாக வீடுகள். ஹஜ்ரத் அவர்களின் வாழ்நாளிலேயே, 1321ஆம் ஆண்டளவில், தோண்டப்பட்டது இது. சுல்தான் கியாஸுத்தீன் துக்ளக் தம் புதிய கோட்டைக்காகத் தில்லியின் தொழிலாளர் அனைவரையும் பகலில் அழைத்துக்கொண்டாராம். அவர்களோ ஹஜ்ரத் மீது கொண்ட அன்பினால், இரவில் விளக்கு வைத்து இக்கிணற்றைத் தோண்டினார்களாம். எண்ணெய் விற்பதற்கே சுல்தான் தடை விதிக்க, கிணற்று நீரே விளக்குகளில் எண்ணெயாய் எரிந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. கராமத்தை ஏற்பவர் ஏற்கட்டும். என் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. பகலெல்லாம் அரசனுக்கு உழைத்துக் களைத்த கைகள், இரவில் தமக்காகவும் தம் அண்டை வீட்டாருக்காகவும் மண்வெட்டியை ஏந்தியிருக்கின்றன!

படியோரம் நின்று நீரைப் பார்த்தபோது, எங்கள் ஊர்க் குளம் என் கண்முன் வந்தது. அதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பள்ளிவாசலை ஒட்டி ஒரு குளம் உண்டு. என் சிறுவயதில் அதில் ஒளூச் செய்திருக்கிறோம், நீந்தியிருக்கிறோம். பின்னர் அது குப்பைமேடாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் ஜமாஅத் கூடி, கடல் கடந்து தொழில் புரியும் ஊர்ச் சகோதரர்களிடம் நிதி திரட்டி, ஒப்பந்தக்காரரைக் கொண்டு தூர் வாரினோம். கரை கட்டினோம், கல்வெட்டும் பதித்தோம். அந்தக் குழுவில் நானும் ஒருவன். மூன்று மழைக்காலம் கழிவதற்குள் குளம் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. ஜும்ஆ பயானில் நான் கடிந்து பேசினேன். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்ற நபிமொழியை எடுத்துரைத்தேன். பயன் ஏதும் விளையவில்லை. நம் மக்கள் இப்படித்தான் என்ற கசப்பு என் நெஞ்சில் தங்கிவிட்டது.

அந்தக் கசப்போடுதான், கிணற்றோரம் நின்றிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பஸ்தியிலேயே பிறந்து வளர்ந்தவர்; அத்தரும் தஸ்பீஹ் மாலையும் விற்பவர். கிணறு எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "மௌலானா, நீங்கள் இருபது ஆண்டுகளுக்கு முன் வந்திருக்க வேண்டும்" என்றார். பின்பு, அன்று முழுவதும் எனக்கு வழிகாட்டியாகவும் ஆனார்.

நடந்தது இதுதான். சாலைக்கு அப்பால் உள்ள ஹுமாயூன் அடக்கத்தலத் தோட்டத்தை ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை 2003இல் சீரமைத்து முடித்தது. தோட்டம் பொலிந்தது, எதிரே இருந்த பஸ்தியோ குப்பையிலும் நெரிசலிலும் கிடந்தது. 2007இல் தொல்லியல் துறை, மத்தியப் பொதுப்பணித் துறை, தில்லி மாநகராட்சி, ஆகா கான் அமைப்புகள் ஆகியவை ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, பழைய கட்டடங்களையும் பஸ்தி மக்களின் வாழ்வையும் ஒருசேர மேம்படுத்த முன்வந்தன. மறு ஆண்டே, 2008 மழைக்காலத்தில், பாவ்லியின் சுவரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கிணற்றின் மேல் வீடு கட்டி வாழ்ந்த சில குடும்பங்கள் பேச்சுவார்த்தைக்குப் பின் வேறிடம் பெற்றுக் குடிபெயர்ந்தன. நூற்றாண்டுகளாய்ப் படிந்த சேறு, ஆட்களின் கைகளாலேயே அள்ளி அகற்றப்பட்டது.

தொடக்கத்தில் மக்கள் நம்பவில்லை என்றார் பெரியவர். அளவெடுக்க வருகிறவன் அடுத்து இடிக்க வருவான் என்பது ஏழைகளின் அனுபவம் அல்லவா? அந்த அச்சத்தைப் போக்கியது கிணற்றுப் பணியன்று. அதனோடு நடந்த வேறு பணிகள். வீடு வீடாகச் சென்று, உங்களுக்கு என்ன குறை என்று கேட்டார்களாம். மக்கள் கூறியவற்றில் பழைய கட்டடம் எதுவும் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், கழிப்பிடம், குப்பை, பெண்கள் காற்று வாங்க ஓர் இடம்: இவையே அவர்களுடைய கவலைகள்.

அந்தக் கவலைகளுக்குக் கிடைத்த விடைகளைப் பெரியவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். மாநகராட்சித் தொடக்கப்பள்ளி செப்பனிடப்பட்டு, பெற்றோரும் அதன் நடப்பில் பங்கு பெற்றதால், மாணவர் தொகை பல மடங்கு பெருகியது. மாநகராட்சி மருத்துவமனைக்கு ஆய்வுக்கூடம் வந்தது. அதைவிட மேலானது, பஸ்திப் பெண்களே பயிற்சி பெற்று, கருவுற்ற தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் வீடுதேடிச் சென்று விசாரிப்பது. 'சேஹத் ஆப்பா' என்று இவர்களை அழைக்கிறார்கள். நலம் பேணும் அக்கா என்பது பொருள். அந்நியர் நுழைய முடியாத வீட்டின் உள்ளறைக்குள் அக்கா நுழைகிறாள்!

பொதுக் கழிப்பிடங்களைப் பார்த்தபோதுதான் என் குளத்தின் நினைவு மீண்டும் வந்து உறுத்தியது. கழிப்பிடத்தைக் கட்டித் தருவது எளிது. மறு ஆண்டும் அது கழிப்பிடமாகவே இருப்பதுதான் அரிது. இங்கே பயன்படுத்துவோரிடமே சிறு கட்டணம் பெறுகிறார்கள். பஸ்திவாசிகளே சேர்ந்த ஒரு குழு அதன் துப்புரவைக் கண்காணிக்கிறது. தன் காசும் தன் கண்ணும் உள்ள இடத்தை எவனும் எளிதில் பாழாக விடுவதில்லை.

பூங்காக்களும் அவ்வாறே. முன்பு அவை குப்பைக்கும் போதைப் பழக்கத்திற்கும் இடமாகியிருந்தன. எது யாருக்கு என்பதை மக்களோடு பேசியே வகுத்தார்களாம். பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது ஒன்று. அதன் பெயர் பர்தா பாக். அதன் மதிலுக்கு வெளியே நின்றபடி உள்ளிருந்து வந்த சிரிப்பொலியைக் கேட்டேன். நம் ஊர்களில் ஆண்களுக்குப் பள்ளிவாசல் திண்ணை உண்டு, தேநீர்க் கடை உண்டு, கடற்கரை உண்டு. நம் தாய்மாரும் சகோதரிகளும் மாலையில் எங்கே சென்று அமர்வார்கள் என்று நாம் என்றேனும் கேட்டதுண்டா?

நண்பகலில் பெரியவர் வாங்கி வந்த உணவுப் பொட்டலத்திற்கும் ஒரு வரலாறு இருந்தது. 'ஜாய்க்கா-எ-நிஜாமுத்தீன்' என்பது 2012இல் பஸ்திப் பெண்கள் சிலர் கூடித் தொடங்கிய சமையல் குழு. பிள்ளைகள் கடைத் தின்பண்டங்களைத் தின்று ஊட்டமின்றி வாடுவதைக் கண்டு, சத்தான சிற்றுண்டி செய்து தரத்தான் முதலில் அடுப்பு மூட்டினார்கள். பின்னர், வழிவழியாக வந்த கபாபும் ஹலீமும் தில்லி மாநகரமெங்கும் இவர்கள் கைப்பக்குவத்தில் செல்லலாயின. 'இன்ஷா-எ-நூர்' என்ற மற்றொரு பெண்கள் குழு தையலும் பூவேலையும் காகித வெட்டு வேலையும் செய்து விற்கிறது. இளைஞர்களோ 'சைர்-எ-நிஜாமுத்தீன்' என்ற பெயரில் பயணிகளை அழைத்துச் சென்று தம் முஹல்லாவின் வரலாற்றைக் கூறுகிறார்கள். 2021இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் தலையாய விருது இந்தப் பணிக்குக் கிடைத்தது.

இவ்வளவும் சொன்னதால், குறையே இல்லாத சொர்க்கம் அது என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். சந்துகள் இன்றும் நெரிசலானவையே. வீடுகள் மாடி மேல் மாடியாக உயர்ந்து வெளிச்சத்தை மறைக்கின்றன. ஜியாரத்துக்கு வரும் நம் போன்றோர் எறியும் இலைகளும் தாள்களும் காலில் இடறத்தான் செய்கின்றன. இது குறித்து நான் முகம் சுளித்தபோது, பெரியவர், வருகிறவர்கள் போய்விடுகிறார்கள்; இருப்பவர்கள்தாம் பெருக்க வேண்டியிருக்கிறது என்றார். என் தலை குனிந்தது.

'அத்தனை பெரிய அறக்கட்டளையின் பணம் இருந்தால் நாங்களும் செய்வோம்' என்று சிலர் கூறக்கூடும். பணம் எங்களிடமும் இருந்ததே! குளத்துக்குப் பணம் வந்தது. கல்வெட்டில் பெயர்கள் ஏறின. வராதது ஒன்றுதான். குளக்கரையில் குடியிருக்கும் குடும்பங்களின் வாசலுக்கு நாங்கள் ஒருநாளும் சென்று, உங்களுக்கு என்ன குறை என்று கேட்கவில்லை. பணம் தூரை ஒருமுறை அகற்றும். மீண்டும் தூர் சேராமல் காப்பது, அங்கே வாழ்பவர்களின் மனம். அந்த மனத்தை விலைக்கு வாங்க முடியாது. கேட்டுத்தான் பெற வேண்டும்.

நம் மார்க்கம் இதைக் கற்பிக்கவில்லையா? மதீனாவில் பள்ளிவாசல் எழுந்தபோது நாயகம் (ஸல்) அவர்களே கல் சுமந்தார்கள். அகழ்ப் போரில் தோழர்களோடு தாமும் மண் சுமந்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் ரூமாக் கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்குப் பொதுவாக்கினார்கள். பணம் தந்தவரும் நம் முன்னோரே. மண் சுமந்தவரும் நம் முன்னோரே. நாம் முன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னதை மறந்துவிட்டோம்.

ஊர் திரும்பியதும், பயானுக்கு முன்பாக, அஸருக்குப் பின் குளக்கரை வீடுகளுக்குச் சென்றேன். என் துணைவியார் உள்ளே சென்று பெண்களிடம் பேசினார். விடை மிக எளிதாக இருந்தது: குப்பை வண்டி அந்தச் சந்துக்குள் வருவதில்லை. பிரதான சாலை வரை வாளியைத் தூக்கிச் செல்லப் பெண்களுக்கு நாணம், முதியவர்களுக்கு இயலாமை. இதை அறியாமல் நான் மிம்பரில் நின்று அவர்களைக் கடிந்திருக்கிறேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

குளம் இன்னும் தூர் வாரப்படவில்லை. இம்முறை அதைக் கடைசியில் செய்வோம் என்று கூறிவிட்டார்கள், அக்கரைப் பெண்கள். முதலில் வண்டி, பிறகு வேலி, பிறகுதான் குளம். வாரம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள். ஜமாஅத்தார் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்கிறோம். கல்வெட்டுக்கு இம்முறை யாரும் பெயர் கேட்கவில்லை.

வல்ல நாயன் நம் முஹல்லாக்களின் குளங்களையும், அவற்றுக்கு முன்பாக நம் உள்ளங்களையும் தூர் வாரித் தூய்மையாக்குவானாக! ஆமீன்.