பாட்டு சோறு போடுமா?

"பாட்டுப் படிச்சா சோறு போடுமாடா?"

எங்கள் வீட்டில் அப்பா இந்தக் கேள்வியைக் கேட்டது இரண்டாவது தடவை. முதல் தடவை மாட்டியவன் நான். பதில் தெரியாமல் பி.காம். சேர்ந்து, இன்றைக்குச் சென்னையில் ஓர் ஆபீசில் வவுச்சருக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறேன். என் மிருதங்கம் பரண்மேல் ஓட்டைக் குக்கருக்குத் துணையாகப் படுத்திருக்கிறது.

இந்தத் தடவை தம்பி. காஞ்சிபுரம் அரசு இசைப் பள்ளியில் மூன்று வருஷம் வாய்ப்பாட்டு கற்றவன். "ஸ்கூல்ல பாட்டு வாத்தியார் ஆகணும்ணே" என்றான்.

லீவு போட்டு விசாரிக்கக் கிளம்பினேன். முதலில் ஒரு தனியார் கல்லூரி. ஏ.சி. ரூம், வழவழ புத்தகம். ஃபீஸ்? என் ஏழு மாதச் சம்பளம்! "முடிச்சா டீச்சர் வேலைக்குப் போகலாமா சார்?" என்றேன். "மியூசிக்ங்கறது ஒரு பேஷன் சார்" என்றார். கேட்டது என்ன, சொன்னது என்ன!

எங்கள் தெருவில் ரிட்டயரான பாட்டு வாத்தியார் ஒருவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"கட்டடத்தைப் பாக்காதே தம்பி. மூணு கேள்வி கேளு. பட்டம் தர்றது எந்தப் பல்கலைக்கழகம்? தினமும் உக்காந்து சொல்லித்தர ஆள் இருக்கா? படிச்சு முடிச்சா ஆசிரியர் பயிற்சி உண்டா? பாடறது வேற, நாப்பது பசங்களைப் பாட வைக்கறது வேற. அந்தப் பயிற்சிச் சான்றிதழ் இல்லேன்னா ஸ்கூல் வாசல்லயே நிக்கணும்."

சென்னை, திருவையாறு, மதுரை, கோவை நான்கிலும் அரசு இசைக் கல்லூரி இருப்பதையும், 2013-ல் இசைக்கும் கவின்கலைகளுக்கும் தனிப் பல்கலைக்கழகம் வந்ததையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அடையாறு. 1949-ல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கிய கல்லூரி அது. ஆற்றங்கரையில் வெள்ளைக்காரன் கட்டிய பழைய பங்களா. ஏ.சி. கிடையாது. ஓர் அறையில் வயலின், அடுத்த அறையில் மிருதங்கம். பயிற்சிப் படிப்பு உண்டா என்று கேட்டேன். உண்டு, ஒரு வருஷம் என்றார்கள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். விரல்கள் தானாகத் தொடையில் தாளம் போட்டன.

ராத்திரி அப்பாவிடம் மறைக்காமல் சொன்னேன். "நிரந்தர வேலை உடனே கிடைக்காதுப்பா. 2012-ல் அரசுப் பள்ளிக்குப் பகுதி நேரமா எடுத்தப்போ மாசம் ஐயாயிரம்தான் கொடுத்தாங்க. 2017-ல் பரீட்சை வச்சு எடுத்தாங்க. அடுத்த பரீட்சை வர்றப்போ கையில சான்றிதழ் இருக்கணும்."

அப்பா ஃபீஸ் எவ்வளவு என்றார். சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உன் பி.காமுக்குக் கட்டினதைவிடக் கம்மியா இருக்கே!"

ரொம்ப நேரம் பேசவில்லை. படுக்கப் போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"சின்னவன் பாடினா வாசிக்க ஆள் வேணாமா? பரண்லேருந்து அதை இறக்குடா."