சென்னையில் கண்ட விண்மீன்

தேசியப் பள்ளிக்குப் போனதும் கோள்களின் பெயர்களை நான் மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. தமிழ்ப்பள்ளியில் வெள்ளியாக இருந்தது அங்கே ஸுஹ்ரா, வியாழன் முஷ்தாரி. பெயர் மாறினால் போகட்டும். வானியல் மேல்நாட்டாருக்கு, நமக்குச் சோதிடம் என்று வகுப்பில் கேலியாகச் சொல்வார்களே, அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது. பல்கலைக்கழகம் வந்த பிறகே அந்தப் பதிலின் பெயர் கிடைத்தது: சிந்தாமணி ரகுநாதாச்சாரி.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, போக்சன் என்ற ஆங்கிலேயரின் கீழ் முதல் உதவியாளராக உயர்ந்தார். இரவுதோறும் விண்மீன்களின் இடத்தை அளந்து குறிப்பதே வேலை. அப்படி அளந்துகொண்டிருந்தபோது, 1867இல், ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைத் தென்வானில் கண்டுபிடித்தார். அதன் பெயர் 'ஆர் ரெட்டிகுலி'. மாறொளி விண்மீன்களுக்கு 'ஆர்' தொடங்கி எழுத்திடும் முறையை வகுத்தவர் ஜெர்மானியரான ஆர்கெலாண்டர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைப் பட்டியலிட்டவர் அவர். 1872இல் லண்டன் அரச வானியல் கழகம் ஆச்சாரியை உறுப்பினராக்கியது. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தது. அதை ஊர் மக்களுக்கு விளக்க ஒரு சிறு நூல் எழுதினார். ஒரு சித்தாந்தியும் அவர் நண்பரும் பேசிக்கொள்வதுபோல் எழுதி, இந்திய மொழிகளிலும் வெளிவரச் செய்தார். பழைய வாய்பாடுகள் வானத்தோடு ஒத்துவரவில்லை என்று கண்டு, பார்த்து அளந்ததை வைத்துத் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். குலத்தொழிலையும் விடவில்லை, தொலைநோக்கியையும் விடவில்லை.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று கேமரன் மலையில் எங்கள் தோட்டத்துக் கோயில் நடை சாத்தியிருந்தது. லயத்தில் யாரும் வெளியே வரவில்லை. பாட்டி மட்டும் கேட்டார்: "பஞ்சாங்கத்துல போட்டவனுக்கு முன்னாடியே எப்படிடா தெரிஞ்சிச்சு?"

எவ்வளவு நல்ல கேள்வி! ஆச்சாரி இருந்திருந்தால் பாட்டியை எதிரில் உட்கார வைத்து இன்னொரு நூலே எழுதியிருப்பார். அவர் 1880இல் காலமானார்.

அவருடைய விண்மீன் சென்னையில் தொடுவானத்துக்கு மேல் 14 பாகைதான் ஏறும். நாம் நிலநடுக்கோட்டுக்கு நெருக்கம் என்பதால் கேமரன் மலையில் 22 பாகை வரை ஏறும். ஜனவரி நடுவில், இரவு ஒன்பது மணியளவில், தெற்கே பார்க்க வேண்டும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, ஒளி கூடிய காலத்தில் நல்ல பைனாகுலர் போதும். பனிமூட்டம் விலகினால்!