மலையேறிய துவிச்சக்கர வண்டிகள்

யாழ்ப்பாணத்தவர்க்கும் துவிச்சக்கர வண்டிக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பாய் விரித்தாற்போல மேடு பள்ளமின்றிப் பரந்து கிடக்கும் எமது குடாநாட்டிலே, நடக்கப் பழகிய பிள்ளை அடுத்துப் பழகுவது சைக்கிள் ஓட்டுதலேயாம். மாணவர் பாடசாலைக்கும், கமக்காரர் சந்தைக்கும், அடியார் கோயிற்றிருவிழாவுக்கும் அதிலேயே செல்வர். போர்க்காலத்தில் எரிபொருள் தடைப்பட்டிருந்த ஆண்டுகளில் நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதும் அதுவே. அவ்வாறு எம்மைச் சுமந்த வண்டியை நாம் சுமந்து செல்ல வேண்டிய சந்தர்ப்பமொன்று 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் எமக்கு வாய்த்தது.

நுவரெலியாவுக்குச் சென்று, கிரகரி வாவியைச் சுற்றித் தன் சைக்கிளிலேயே ஓடி வரவேண்டுமென்பது எமது மகனின் நெடுநாள் ஆசை. அங்கே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்குமென்று கூறியும் அவன் இசையவில்லை. 2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்ற காலத்தில், பதினொரு வயதினனான அவன் அந்தச் சைக்கிளிலேதான் பாடசாலைக்குச் சென்றான். கடைக்கும் சங்கக்கடைக்கும் சென்றான். அதனை வீட்டில் விட்டுவிட்டு வேறொன்றை வாடகைக்கெடுத்து ஓட்டுவது அவனுக்கு நன்றி மறந்த செயலாகத் தோன்றிற்று. ஆகவே, அவனது சைக்கிளும் எமது சைக்கிளுமாக இரண்டையும் எமது சிறிய ஜீப் வகை வண்டியிற் கொண்டு செல்வதென முடிவாயிற்று. எவ்வாறு கொண்டு செல்வது என்பதே அடுத்து எழுந்த கேள்வி.

முதலில் நினைவுக்கு வந்தது கூரை. கூரையின் மேல் இரு குறுக்குச் சட்டங்களைப் பூட்டி, சைக்கிள்களை நிமிர்த்தி நிறுத்திக் கட்டுவது ஒரு முறை. பின்கதவு தடையின்றித் திறக்கும், விளக்குகளும் மறையா. ஆயினும் இத்தகைய சிறிய வண்டிகள் பலவற்றின் கூரை தாங்கக்கூடிய நிறை 50 முதல் 75 கிலோ வரையிலேயே உள்ளது. இரு சைக்கிள்களும் தாங்கியுமாக அவ்வெல்லையை எளிதில் நெருங்கிவிடும். அதனிலும் பெரிய குறை வேறொன்றுண்டு. பாரம் உயர உயர வண்டியின் புவியீர்ப்பு மையமும் உயரும். வளைவில் திரும்பும்போது வண்டி வெளிப்புறமாகச் சாய முற்படும். வளைவுகளே பாதையாக அமைந்த மலைநாட்டுக்கு இஃது உகந்ததன்று. காற்றின் எதிர்ப்பால் எரிபொருட் செலவும் கூடும். தாழ்ந்த மரக்கிளையும் விடுதி வாயிலின் கூரையும் சைக்கிள் மேலிருப்பதை மறந்த சாரதியைத் தண்டிக்கக் காத்திருக்கும்.

இரண்டாவது, வண்டியின் பின்னே இழுவைக் கொக்கி பூட்டி அதன்மேற் பொருத்தும் மேடை. தாழ்வாக இருப்பதால் ஏற்றுவதும் இறக்குவதும் எளிது, உறுதியும் மிகுதி. ஆனால் கொக்கியும் மேடையுமாகப் பெருஞ்செலவு. மேடையின் நிறையும் சைக்கிள்களின் நிறையுடன் சேரும். பின்சில்லுக்கு அப்பாற் தொங்கும் பாரம் நெம்புகோல் போல வண்டியின் முன்புறத்தை உயர்த்தும். செங்குத்தான ஏற்றத்தில் முன்சில்லுகளின் பிடி இயல்பாகவே குறைந்திருக்க, இது மேலும் குறைக்கும். அன்றியும் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் தனியாருக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டியைப் பொன்போலப் பேணி வந்த எம்மனோர்க்கு, அதன் அடியில் துளையிட்டுக் கொக்கி பூட்ட மனம் வரவில்லை.

மூன்றாவது, பின்கதவில் வார்ப்பட்டிகளாற் கட்டும் தாங்கி. விலை குறைவு, துளையிட வேண்டுவதில்லை. ஆனால் பட்டி தளர்ந்தால் எல்லாம் தளரும். சாயம் உராயும், எண்பலகையும் பின்விளக்கும் மறையக்கூடும். நான்காவது, சைக்கிள்களைக் கழற்றி வண்டியின் உள்ளேயே வைப்பது. மழையில்லை, களவில்லை, காற்றில்லை. பின்னிருக்கையை முழுவதும் மடிக்க வேண்டுமென்பதொன்றே தடை. பின்னிருக்கை மடிந்தால் இருவர் மட்டுமே செல்லலாம், நாமோ நால்வர். சைக்கிள்களைப் புகையிரதத்தில் நானுஓயாவுக்குப் பொதியாக அனுப்பலாமென்று நண்பரொருவர் கூறினார். பொதி வரும் நாளும் நாம் சேரும் நாளும் ஒன்றாகுமென்ற உறுதி இல்லாமையால் அதனைக் கைவிட்டோம்.

இந்த ஆலோசனைகளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த எமது அன்னையார், "நான் கலியாணத்துக்கு முந்தி ஒருக்கா நுவரெலியா பாத்தனான். பிள்ளையின்ர சைக்கிள் போகட்டும், நான் வீட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்," என்றார். தாய்மார் இவ்வாறு கூறுவது வழக்கம். பிள்ளைகள் அதனை உண்மையென நம்பிவிடுவதும் வழக்கம். எமது இல்லத்தரசியார் நம்பவில்லை. "சைக்கிளுக்கு இடமிருக்கு, மாமிக்கு இடமில்லையெண்டால் அந்தப் பயணம் என்னத்துக்கு?" என்று அவர் கேட்ட ஒரு கேள்வி, நாம் தாளில் எழுதிய கணக்குகளையெல்லாம் தீர்த்துவிட்டது. உள்ளே மனிதர், வெளியே சைக்கிள் என்பது முடிபாயிற்று. மூன்றாம் முறையைத் தேர்ந்து, கடையொன்றில் வார்ப்பட்டித் தாங்கி ஒன்றை வாங்கினோம். ஒருமுறை இறுக்கினால் ஊர் திரும்பும்வரை தொடவேண்டியதில்லை என்று கடைக்காரர் உறுதி கூறினார்.

அவ்வுறுதி 321 கிலோமீற்றர் வரை உண்மையாகவே இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிவரை செல்லும் ஏ-9 பாதையில், கிளிநொச்சி, வவுனியா, தம்புள்ளை எங்கணும் கட்டு சிறிதும் அசையவில்லை. கண்டியில் இராத் தங்கி, மறுநாட் காலை பேராதனை வழியாகக் கம்பளையை அடைந்தோம். இக்கம்பளையை அடுத்த சிங்கபிட்டியிலேதான் 1823ஆம் ஆண்டளவில் ஜோர்ஜ் பேர்ட் என்னும் ஆங்கிலேயர் கோப்பித் தோட்டம் தொடங்கினார். அதன் பின்னரே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் அணியணியாக இம்மலைகளுக்கு வந்தனர். 1869இல் தோன்றிய நோய் கோப்பியை அழிக்க, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை மலைகளையெல்லாம் பசுமையாக்கிற்று.

கம்பளையைக் கடந்ததும் பாதை எழுந்து வளையத் தொடங்கிற்று. புசல்லாவையை அடையுமுன், பின்புறத்திலிருந்து 'கட கட' என்றொரு ஓசை. பின்கண்ணாடியிற் பார்த்த மகன், "அப்பா, சைக்கிள் ஆடுது!" என்று கூவினான். ஒதுங்குமிடம் கண்டு நிறுத்தி இறங்கினோம். மேற்பட்டிகள் இரண்டும் தளர்ந்து, சைக்கிள்கள் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தன. எமது சைக்கிளின் பின்சில்லு புகைபோக்கிக்கு நேரே இறங்கி, ரயர் சுடத் தொடங்கியிருந்தது. இன்னும் சில வளைவுகள் கடந்திருந்தால், பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டி ஒருவர் மீது அவை வீழ்ந்திருக்கவுங்கூடும். அவ்வெண்ணமே எம்மை நடுங்கச் செய்தது.

அருகே தேநீர்க் கடையில் நின்ற மரக்கறி லொறிச் சாரதி ஒருவர், கேளாமலே உதவிக்கு வந்தார். நுவரெலியாவிலிருந்து கோவாவும் லீக்சும் ஏற்றிப் பல ஆண்டுகள் இப்பாதையில் ஓடுபவராம். கட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கட்டு சரிதான் சேர். ஆனா பாரம் ஆடுது. மலையில ஆடுற பாரம் ஆளையே இழுத்துட்டுப் போயிரும்," என்றார். நேர்ப்பாதையிற் பாரம் கீழ்நோக்கி மட்டுமே இழுக்கும். வளைபாதையிற் பக்கவாட்டிலும் இழுக்கும். நாம் கட்டியதோ மேலும் கீழும் மட்டுமே. வன்னியின் நேர்ப்பாதை எமது பிழையை மறைத்துவைத்திருந்தது.

அவர் செய்த திருத்தங்கள் மூன்று. முதலாவது, இரு சைக்கிள்களின் முன்சில்லுகளையும் கழற்றி வண்டிக்குள் வைக்கச் செய்தார். முழுச் சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 175 சென்ரிமீற்றர். எமது வண்டியின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவே. சற்று விலகினாலும் சில்லு வெளியே நீட்டும். எதிரே வரும் பஸ் வண்டிக்கு இடம்விடும்போது மலைச்சுவரில் உராயும். முன்சில்லை நீக்கினால் நீளம் 140 சென்ரிமீற்றரளவாகக் குறைந்து, வண்டியின் அகலத்துள் அடங்கிவிடும்; நிறையும் குறையும். இரண்டாவது, இரு சைக்கிள்களையும் ஒன்றோடொன்று பிணித்து, பழைய ரியூப் ரப்பரால் இடமும் வலமும் இழுத்துக் கட்டினார். மூன்றாவது, சைக்கிள்களைப் புகைபோக்கிக்கு எதிர்ப்புறமாக நகர்த்தி, பின்விளக்கும் எண்பலகையும் தெரியுமாறு உயர்த்தினார். பத்துக் கிலோமீற்றர் சென்றதும் நிறுத்தி மீண்டும் இறுக்கவேண்டும் என்றும், புதுக் கட்டு எதுவும் முதலில் நெகிழ்ந்தே தீரும் என்றும் கூறினார். கொடுத்த பணத்தை வாங்காது, தேநீர் மட்டும் அருந்திச் சென்றார்.

அதன்பின் நாம் மெதுவாகவே சென்றோம். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் வெள்ளித் தகடுபோல மின்னிற்று. றம்பொடையில் அருவியையும் ஆஞ்சநேயர் கோயிலையும் கண்டு வணங்கினோம். ஆயினும் அவ்வழகினூடே ஒரு துயர நினைவும் எம்மைத் தொடர்ந்தது. அதே ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் வண்டியொன்று இப்பாதையிலே கெரண்டியெல்லவிற் பள்ளத்தில் வீழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைப்பாதை தவறுகளை எளிதில் மன்னிப்பதில்லை. றம்பொடைச் சுரங்கப் பாதையையும் லபுக்கலைத் தேயிலைத் தோட்டத்தையும் கடந்து, பிற்பகலில் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவைச் சேர்ந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. முன்னே சென்ற வண்டிகளில் எமக்குத் தெரிந்தவை சிவந்த பின்விளக்குகள் மட்டுமே. அவ்விளக்கைச் சைக்கிளால் மறைப்பது எத்துணைப் பேதைமை என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

மறுநாட் காலை மகனது ஆசை நிறைவேறிற்று. ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்ட அவ்வாவிக்கரையில் அவன் ஓட, நாம் பின்தொடர்ந்தோம். சமதரையில் அரைமணி நேரம் ஓடியதற்கே எமக்கு மூச்சு வாங்கிற்று. உயரத்தின் குணம் அது. பின்னர் சீதா எலியவுக்குச் சென்றோம். ஓடையருகே நின்று சீதையம்மனைத் தொழுத அன்னையாரின் கண்கள் கலங்கியிருந்தன. "அண்டைக்கு வந்தபோது கோயில் இவ்வளவு பெரிசாயில்லை," என்றார். அவரை வீட்டில் விட்டு வந்திருந்தால் இந்த ஒரு வாக்கியத்தை நாம் கேட்டிருக்க மாட்டோம்.

திரும்பும்போது நானுஓயா, தலவாக்கலை, ஹட்டன் வழியாக வந்தோம். 1880களில் இம்மலைகளை ஏறிவந்த புகையிரதப் பாதை, எமது பாதையை விட்டும் தொட்டும் உடன் வந்தது. சென் கிளயர் அருவிக்கு அப்பால், தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்தருகே கட்டை இறுக்க நிறுத்தினோம். அப்பொழுது பெண்கள் கொழுந்துப் பாரத்துடன் சரிவில் இறங்கி வந்தனர். பாரம் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தலையிற் பட்டி அதனைத் தாங்கிற்று. கால்கள் வழுக்குங் கற்களில் ஊன்றின, பாரம் அசையவில்லை. புசல்லாவையில் லொறிச் சாரதி சொன்ன பாடத்தை இவர்கள் தலைமுறை தலைமுறையாக உடம்பினாலேயே அறிந்திருக்கின்றனர். இவர்களது முன்னோர் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே சுமைகளுடன் மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். அவர்கள் வரவின் இருநூறாம் ஆண்டை நினைந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணமும் நிகழ்ந்தது.

லயத்துச் சிறுவர் சிலர் சைக்கிள்களைச் சூழ்ந்துகொண்டனர். "அண்ணே, ஒரு ரவுண்டு குடுங்கண்ணே!" என்று ஒருவன் கெஞ்சினான். ஓட்டத் தெரியுமா என்று மகன் வினவ, தெரியாது என்றான். பத்து வயது நிரம்பிய பிள்ளைக்குச் சைக்கிள் தெரியாதென்பது யாழ்ப்பாணத்துப் பையனுக்கு வியப்பாயிருந்தது. சுற்றிப் பார்த்தபின் வியப்பு நீங்கிற்று. லயத்திலிருந்து பாடசாலைக்குச் செல்வது படிக்கட்டும் சரிவுமேயன்றோ? மாரியம்மன் கோயில் முன்றிலில் மட்டும் சிறிது சமதரை இருந்தது. அங்கே மகன் தன் சைக்கிளை இறக்கி, சில்லைப் பூட்டி, அச்சிறுவனை ஏற்றிப் பின்னே பிடித்துக்கொண்டு ஓடினான். ஒரு மணி நேரத்தில் அவன் தானாகவே முன்றிலைக் கடந்துவிட்டான். பார்த்து நின்ற அவனது பாட்டியார் கைகொட்டிச் சிரித்தார். கட்டிய சைக்கிளை அவிழ்த்து மீண்டும் கட்ட எமக்கு அரைமணி நேரஞ் சென்றது. அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

இவ்வழி செல்ல விரும்பும் குடும்பத்தினர்க்கு நாம் கூறக்கூடியது இதுவே. ஒருவர் இருவராய்ச் செல்வோர் சைக்கிளை வண்டிக்குள்ளேயே வைப்பது சாலச் சிறந்தது. குடும்பமாய்ச் செல்வோர் பின்புறத் தாங்கியை நாடுக. இயலுமாயின் கொக்கி மேடையை, இயலாதெனின் வார்ப்பட்டியை, நிறையெல்லையைக் கையேட்டிற் கண்டபின் கொள்க. முன்சில்லைக் கழற்றுக, பக்கவாட்டிலும் கட்டுக, விளக்கை மறையாதிருக்க, இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாது சிறிய கியரில் இறங்குக. கூரையைச் சமவெளிக்கென விட்டுவிடுக. நாம் சென்று வந்த அதே ஆண்டின் நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இம்மலைகளிற் பெரும் மண்சரிவுகளை விளைவித்தமையால், பாதையின் நிலையை விசாரித்தறிந்த பின்னரே புறப்படுதல் நன்று.

தாங்கியைத் தெரிவதற்கு முன், யாரை விட்டுச் செல்ல இயலாதென்பதை வீட்டார் கூடித் தெரிந்துகொள்க. அதன்பின் ஏனையவற்றிற்கு இடம் காண்பது அத்துணைக் கடினமன்று.