கையேட்டில் இல்லாத தெரு

இலங்கை செல்லும் எண்ணம் உங்களுக்கு இருப்பின், பயணக் கையேடு ஒன்றை அவசியம் உடன்கொண்டு செல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் எனக்கு அது நன்றாகவே உதவிற்று. டச்சுக்காரரின் ஐங்கோணக் கோட்டை, நல்லூர்க் கோயில், 1981 இல் தீக்கிரையாகிப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட பொது நூலகம் ஆகிய யாவற்றையும் அது முறையாகவே கூறியிருந்தது. எரிந்த நூல்கள் 90,000க்கும் மேல் என்பதையும் மறைக்கவில்லை.

ஆனால், சோனகத் தெரு அதில் இல்லை.

1990 அக்டோபர் 30 அன்று, ஒலிபெருக்கி வாயிலாக அத்தெருவினர் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்திற்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். பெண்களின் காதணிகள்கூடப் பறிக்கப்பட்டன. அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர். தமிழையன்றி வேறு தாய்மொழி அறியாத மக்கள் அவர்கள். கண்ணீர் வடித்த தமிழ் அயலவர்களும் அன்று இருந்தனர் என்பதை நாம் சொல்லாமல் விடலாகாது.

அவர்களுள் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தனர். கையேட்டைப் புரட்டினேன். கற்பிட்டிக்குத் தனிப்பக்கமே உண்டு! டால்பின்களைக் காணும் படகுகள், காற்றாடியில் கடல்மேல் சறுக்கும் விளையாட்டு! அதே மணல்வெளியில் தென்னோலைக் கொட்டில்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது ஒரு வரியிலும் இல்லை. தாமே வறியவர்களாயிருந்தும் அவர்களுக்கு இடங்கொடுத்த புத்தளத்து மக்களைப் பற்றியும் இல்லை.

நாடு மீண்டெழுகிறது என்கிறார்கள், பொய்யன்று. 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டிற்கு, 2024 இல் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தனர். எனினும், விடுதி நிறைவதும் வீடு நிறைவதும் ஒன்றா? போர் 2009 இல் முடிந்தபோது, 1990 இல் குழந்தையாக வெளியேறியவர் தாமே பெற்றோராகியிருந்தார். பிள்ளைகளின் பள்ளியும் பிழைப்பும் புத்தளத்தில். ஊரிலோ கூரையற்ற சுவர்கள், தொலைந்த காணி உறுதிகள். அன்று ஒரு குடும்பம் இருந்த மனைக்கு இன்று நான்கு குடும்பங்கள் உரிமையாளர்.

அஸர் தொழுகைக்குப் பின் அத்தெருவில் நடந்தேன். ஒரு வீட்டில் புதுக்கூரை. பக்கத்து வீட்டினுள்ளே மரம் வளர்ந்து நின்றது. அம்மரத்தடியைத் துப்புரவு செய்துகொண்டிருந்த பெரியவர் ஸலாம் கூறி என்னை உள்ளே அழைத்தார். அமர நாற்காலி இல்லையே என்று வருந்தியவர், எஞ்சிய சுவரொன்றைக் காட்டி, "இது உம்மாவின் அறை, மௌலவி" என்றார்.

மாதம் ஒருமுறை வருகிறாராம். மஃரிபுக்குமுன், முற்றத்து முருங்கைக்காய்களைப் பறித்துப் பையில் நிரப்பிக்கொண்டு, புத்தளம் செல்லும் பேருந்துக்குப் புறப்பட்டார்.