50 மில்லிசெகண்டுக்குக் காரணம் கேட்கிறவர்

பெங்களூரு மாரத்தஹள்ளியில் நான்காவது மாடி வீடு. ஹால் மூலையில் மேசை; அதன்மேல் நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்த மானிட்டர். வீட்டுக்காரர் கரூர்ப் பக்கத்துப் பெண்மணி. லினக்ஸ் கெர்னலுக்குள் வரும் நெட்வொர்க் டிரைவர் மாற்றங்களைப் படித்துக் குறை சொல்வது அவர் வேலை. பெயர் போட வேண்டாம் என்றார்.

திரையில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. பேட்ச் என்பது வெறும் எழுத்தாலான ஒரு மின்னஞ்சல். நீக்கிய வரிக்கு முன்னால் மைனஸ், சேர்த்த வரிக்கு முன்னால் பிளஸ். தனிக் கோப்பாக இணைத்து அனுப்பினால் முகம் சுளிப்பார்கள். அஞ்சலுக்குள்ளேயே இருந்தால்தான் குறிப்பிட்ட வரிக்கு நேர் கீழே பதில் எழுத முடியும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவர் பிரித்தது மிகச் சிறிய மாற்றம். ஒரு ஈதர்நெட் சிப்பை ரீசெட் செய்த பிறகு 50 மில்லிசெகண்ட் காத்திருக்கச் சொல்லும் ஒற்றை வரி. எனக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. அவரோ அதன் அடியில் இரண்டே சொல் தட்டினார்: ஏன் 50?

அனுப்பியவர் புதியவர் போல. கொஞ்ச நேரத்தில் பதில் நீளமாக வந்து விழுந்தது. சிப்பின் முதல் பதிப்பில், ரீசெட் முடிந்தது என்று காட்டும் பிட் அவசரப்பட்டு எழுந்துவிடுகிறதாம். உள்ளே கடிகாரம் நிலைப்பட இன்னும் 40 மில்லிசெகண்ட் வரை ஆகிறதாம். கையிருப்பாக 10 சேர்த்தாராம். கடைசியில் ஒரு மன்னிப்பு வேறு.

“மன்னிப்பு எதுக்கு? காரணம் இவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருக்கு. அதை வரிக்கு மேல ஒரு கமென்டா எழுதுப்பான்னுதான் கேட்டேன். என் ஒருத்திக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?” என்றார்.

இது அவருடைய சொந்தப் பிடிவாதம் இல்லை. ரிவ்யூவில் எழும் கேள்வியால் நிரல் மாறாவிட்டாலும், அதற்கான விடை கமென்டிலோ மாற்றக் குறிப்பிலோ ஏறிவிட வேண்டும் என்று கெர்னலின் வழிகாட்டி ஆவணமே சொல்கிறது. அடுத்து படிப்பவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது. படிப்பவருக்குப் புரியவில்லை என்பதே இந்தத் தொழிலில் சான்று. பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவர் ஒரு வரியில் தடுக்கி நின்றால், தப்பு அநேகமாக வரியில்தான் இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுப்பிக் கேட்ட கேள்வியாக எடுத்துக்கொண்டு, சரியான விடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நெட்வொர்க் பகுதியில் ஒரு நல்ல விதி உண்டு: திருத்திய பதிப்பை 24 மணி நேரம் கழியாமல் மறுபடி அனுப்பக் கூடாது. மறுநாள் இரண்டாம் பதிப்பு வந்தது, கமென்டோடு. ஆனால் ஆர்வக் கோளாறில் அந்த ஃபங்ஷன் முழுக்க இருந்த இடைவெளிகளையும் அதே பேட்சில் சீர்செய்திருந்தார். அதைத் தனியாகப் பிரிக்கச் சொன்னார் இவர். பிழைத்திருத்தம் பழைய கெர்னல்களுக்கும் போக வேண்டியது; அலங்காரத்துக்கு அங்கே இடமில்லை. போதாததற்கு, நாளைக்கு ஒரு பிழையைத் தேடி யார் எந்த வரியைத் தொட்டார்கள் என்று பார்க்கிறவருக்கு, இடைவெளி திருத்தியவர் பெயர்தான் வந்து நிற்கும்.

படிக்கத் தகுந்த நிரல் என்றதும் நான் நினைத்தது ஓரம், இடைவெளி, அடைப்புக்குறி. அதற்கெல்லாம் கெர்னலில் சட்டம் இருக்கிறது. உள்தள்ளல் 8 எழுத்து அகலம். மூன்று அடுக்குக்கு மேல் உள்ளே போனால் நிரலைத் திருத்து என்கிறது கெர்னலின் நிரல் நடை ஆவணம். குனூ திட்டத்தின் நடை விதிகளை அச்செடுத்துப் படிக்காமல் கொளுத்தச் சொல்லும் குறும்பும் அதில்தான் இருக்கிறது. வரி நீளம் 80 எழுத்துக்கு மேல் போனால் எச்சரித்துக்கொண்டிருந்த சோதனை ஸ்கிரிப்டை 2020இல் 100 வரை விட்டுக்கொடுக்க வைத்தார்கள். “அதெல்லாம் ஸ்கிரிப்ட் பார்த்துக்கும். ஸ்கிரிப்டால முடியாததுக்குத்தான் ஆள்” என்று அடுத்த பேட்சுக்குப் போனார்.

அதில் ஒரு ஃபங்ஷனை அழைக்கும் வரி. அடைப்புக்குறிக்குள் சாதனத்தின் பெயர், பிறகு ட்ரூ, பிறகு ஃபால்ஸ். எது உண்மை, எது பொய்? தெரிய வேண்டுமென்றால் வேறொரு கோப்பைத் திறக்க வேண்டும். எழுதியவருக்கு எழுதிய அன்று மனப்பாடம். ஆறு மாதம் போனால் அவரே அந்தக் கோப்பைத் தேடுவார். இரண்டு ஃபங்ஷனாகப் பிரித்து, செய்யும் காரியத்தைப் பெயரிலேயே சொல்லச் சொன்னார்.

கல்லூரியில், வேறு வரிக்குத் தாவச் சொல்லும் ‘கோ-டூ’ என்ற கட்டளையைப் பாவம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். 1968இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா அதை எதிர்த்து எழுதிய கடிதத்தின் நிழல் நம் லேப் வரைக்கும் நீண்டிருந்தது. கெர்னலில் அது சர்வ சாதாரணம். நினைவகம் கேட்டு வாங்கி, குறுக்கீட்டைப் பதிந்து, சாதனத்தை அறிவிக்கும்போது நடுவில் ஏதாவது ஒன்று தவறினால், வாங்கியதை எல்லாம் தலைகீழ் வரிசையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தோல்விக்கும் தனித்தனியாக எழுதினால் மூன்றாவது இடத்தில் ஒன்று விட்டுப்போகும். ஆகவே ஃபங்ஷனின் அடியில் ஒரே படிக்கட்டு. எங்கே தவறியதோ அந்தப் படிக்குத் தாவினால் மிச்சம் தானாக இறங்கும். படிகளுக்குப் பெயர் வைப்பதிலும் கண்டிப்பு: எர்1, எர்2 கூடாது, எதை விடுவிக்கிறது என்று சொல்ல வேண்டும்.

கண் ஏமாறுவதற்கு அவர் சொன்ன உதாரணம் 2003 நவம்பரில் நடந்தது. கெர்னலின் நகல் ஒன்றுக்குள் யாரோ இரண்டு வரி நுழைத்துவிட்டார்கள். பார்த்தால், பயனர் எண் பூஜ்யமா என்று சோதிக்கும் நிபந்தனை போலிருக்கும். ஆனால் இரண்டு சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். சோதிப்பதற்குப் பதில் பூஜ்யமாக்கிவிடும். அந்த நிரலை அழைத்தவர் கையில் ரூட், அதாவது முழு அதிகாரம். கூடுதலாக ஒரு அடைப்புக்குறி போட்டிருந்ததால் கம்பைலரும் வாய் திறக்காது. மூலத்தில் இல்லாத மாற்றம் நகலில் இருக்கிறதே என்று முதலில் சந்தேகம் வந்தது. அதன் பிறகுதான் வரிகளை உற்றுப் பார்த்தார்கள்.

எல்லா விதியும் எனக்கு ஒப்பவில்லை. நெட்வொர்க் பகுதியில் மாறிகளை அறிவிக்கும்போது நீளமான வரி மேலே, குட்டையானது கீழே என்று அடுக்க வேண்டும். தலைகீழ் கிறிஸ்துமஸ் மரம் என்று அதற்குப் பெயர். இதற்காக ஒரு பேட்சைத் திருப்பி அனுப்புவது அதிகம் என்றே தோன்றியது. சொன்னேன். “பழகிட்டா, வரிசை கெட்ட இடம் கண்ணுல குத்தும். அவ்வளவுதான், பெரிய தத்துவமெல்லாம் இல்லை” என்று சிரித்தார்.

சிரிப்பு நின்றது சம்பளப் பேச்சில். ஆண்டு மதிப்பீட்டில் எத்தனை பேட்ச் எழுதினாய் என்று கேட்கிறார்களாம். எத்தனை படித்தாய் என்று கேட்பதில்லை. படித்து ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம், மாற்றக் குறிப்பின் அடியில் ‘ரிவ்யூட்-பை’ என்று விழும் ஒரு வரி. அதற்காக இரவு பதினொரு மணி வரை உட்கார எத்தனை பேர் வருவார்கள்?

இப்போது ஒரு பையன் வந்திருக்கிறான், அவர் டீமில். புதிய கெர்னலுக்கான இரண்டு வார இணைப்புக் காலத்தில் நெட்வொர்க் பகுதி புது அம்சங்களை வாங்காது. அந்த ஓய்வில் அவனிடம் ஒரு பழைய டிரைவரைக் கொடுத்திருக்கிறார். “புரிஞ்சதை எங்கிட்டச் சொல்ல வேண்டாம். நின்ன இடமெல்லாம் குறிச்சிட்டு வா” என்று உத்தரவு. பையன் 11 இடம் குறித்து வந்தான். மூன்றுக்கு விடை பழைய மாற்றக் குறிப்புகளில் கிடைத்துவிட்டது. மீதி எட்டுக்கும் சிப்பின் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு இருவரும் கமென்ட் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.