எந்த ஊர் போப்?

2025 மே 8. புனேயில் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக் கடை முடிகிற நேரம், டிவியில் வெண்புகை. இரவு பதினொன்றை நெருங்கும்போது ராபர்ட் பிரிவோஸ்ட், பதினான்காம் லியோவாக மாடத்துக்கு வந்தார். சிகாகோவில் பிறந்தவர். அமெரிக்காவிலிருந்து வந்த முதல் போப்.

ஆனால் மனுஷர் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை, பாருங்கள்! இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே வந்தவர், நடுவில் ஸ்பானிஷுக்கு மாறி, பெருவில் தான் ஆயராக இருந்த சிக்லாயோ மக்களுக்கு வாழ்த்துச் சொன்னார். சிகாகோ பற்றிப் பேச்சே இல்லை. அமெரிக்காவில் சிலருக்கு அதில் மனத்தாங்கல்தான்.

அடுத்த இரண்டு நாள் கூத்துதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. போப் எந்த பேஸ்பால் அணியின் ரசிகர், கப்ஸா ஒயிட் சாக்ஸா என்று சிகாகோவில் ஒரே சண்டை. கடைசியில் அவர் அண்ணனே வந்து ஒயிட் சாக்ஸ்தான் என்று பஞ்சாயத்தை முடித்துவைத்தார். (நம்ம ஊர் தோற்றது போங்கள்.) சிக்லாயோவிலோ 'போப் நம்மாளு' என்று கொண்டாட்டம். 2015லேயே பெரு குடியுரிமை வாங்கியவராச்சே!

"அப்போ அவருக்கு சொந்த ஊர் எதுப்பா?" என்றாள் மகள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மராத்தியில் சண்டை போட்டு வளர்ந்தவள்.

"இதென்ன கேள்வி? பிறந்த ஊர்தான்."

"அப்போ எனக்கு புனேதானே? பாளையங்கோட்டைன்னு ஏன் சொல்லச் சொல்றீங்க?"

சமையலறையிலிருந்து மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் ரிமோட்டைத் தேட ஆரம்பித்தேன்.